நூறைத் தொட்டால் உதறும் எம்எக்ஸ்-5: அதிர்வின் மூலத்தைக் கண்டுபிடிக்கும் முறை

1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமான மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் முதல் தலைமுறை, ஒரு டன்னுக்குள் அடங்கும் எடையும், நான்கு சக்கரங்களிலும் இரட்டை விஷ்போன் (ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழுமாக இரண்டு கைகள் தாங்கும்) சஸ்பென்ஷனும், பின்சக்கர இயக்கமும் கொண்ட இரண்டு இருக்கைத் திறந்த கார். சாலையின் ஒவ்வொரு நெளிவையும் ஓட்டுபவரின் கைக்குக் கொண்டுவந்து சேர்ப்பதால்தான் அதை விரும்புகிறவர்கள் இன்றும் விரும்புகிறார்கள். அந்தக் குணமே சில நேரம் தலைவலியாகவும் ஆகிவிடுகிறது. கனமான செடான் ஒன்று வெளியே தெரியாமல் விழுங்கிவிடும் சிறு சமநிலைக் குறையை இந்தக் கார் ஸ்டீயரிங்கில் காட்டிக்கொடுத்துவிடும். ஏறத்தாழ 95 கி.மீ. வேகத்தில் உதறல் தொடங்குகிறது, 105-இல் உச்சத்துக்குப் போகிறது, 115-ஐத் தாண்டினால் சற்று அடங்குகிறது என்பது இந்தக் காரை வைத்திருப்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் முறையீடு.

இதற்குப் பெரும்பாலானவர்கள் செய்வது, முதலில் சக்கரத்தின் எடையைச் சுற்றிலும் சமப்படுத்தும் வீல் பேலன்சிங், அது பயன்படாவிட்டால் புது டயர், அடுத்து பேரிங், அதற்கும் அடுத்து கியர் பெட்டியின் சுழற்சியைப் பின்பக்கத்துக்குக் கொண்டுபோகும் நீண்ட தண்டான புரொப்பல்லர் ஷாஃப்ட் என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போவது. பணம் கரையுமே தவிர, காரணம் பிடிபட்டதாகச் சொல்ல முடியாது. எந்தப் பாகத்தையும் வாங்குவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: உதறுகிற அந்த வேகத்தில், காரில் எது நொடிக்கு எத்தனை முறை சுற்றிக்கொண்டிருக்கிறது?

இதற்கான கணக்கு எளிது. 1.6 லிட்டர் எஞ்சினும் ஐந்து கியரும் உள்ள காரில் 185/60 ஆர்14 டயர் பூட்டப்பட்டிருக்கும். அந்த டயரின் விட்டம் ஏறத்தாழ 578 மில்லிமீட்டர். காரின் பாரத்தில் சற்று நசுங்கிய நிலையில் அது ஒரு சுற்றுக்கு 1.77 மீட்டர் அளவில் உருளும். 100 கி.மீ. வேகம் என்பது நொடிக்கு 27.8 மீட்டர் என்பதால், சக்கரம் நொடிக்குப் பதினைந்து முதல் பதினாறு முறை சுற்றுகிறது. ஷாஃப்ட்டின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலின் விகிதம் 4.3 என்பதால் புரொப்பல்லர் ஷாஃப்ட் நொடிக்கு 67 முறை சுற்றும். ஐந்தாவது கியரின் விகிதம் 0.814 என்பதால் எஞ்சின் நொடிக்கு ஏறத்தாழ 55 முறை, அதாவது நிமிடத்துக்கு 3,300 முறை சுற்றும். வேறு டயரோ வேறு டிஃபரன்ஷியலோ உள்ள கார் என்றால் இந்த எண்களை அதற்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டும். நொடிக்குப் பதினைந்து முறை வரும் ஆட்டம் கைக்கும் கண்ணுக்கும் உதறலாகவே தெரியும். 67 முறை வருவது உதறலாகத் தெரியாது, இருக்கையில் ஒரு சிலிர்ப்பாகவும் காதில் ஒரு முனகலாகவும்தான் தெரியும். கருவி எதுவும் இல்லாமலே இந்த ஒரு வேறுபாட்டைக் கவனித்தால் சந்தேகப் பட்டியல் பாதியாகக் குறைந்துவிடும்.

வேகம் குறைவாக இருக்கும்போது ஏன் தெரிவதில்லை என்று கேட்பவர்கள் உண்டு. 14 அங்குல ரிம்மின் விளிம்பில் பத்துக் கிராம் கூடுதலாக இருந்தால், 100 கி.மீ. வேகத்தில் அது ஏறத்தாழ 17 நியூட்டன் விசையாக, அதாவது ஒன்றே முக்கால் கிலோ எடையை ஒவ்வொரு சுற்றிலும் சக்கரத்தின் நான்கு பக்கமும் மாற்றி மாற்றித் தொங்கவிட்டதுபோல் இழுக்கிறது. 50 கி.மீ. வேகத்தில் அதே பத்துக் கிராமின் இழுப்பு இதில் கால் பங்குதான், ஏனெனில் இந்த விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வது. அதோடு, ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் சக்கரத்துக்கும், அது பூட்டப்படும் ஹப்புக்கும் தமக்கென ஓர் இயல்பான ஆட்ட வேகம் இருக்கிறது. பல கார்களில் அது நொடிக்குப் பத்து முதல் பதினைந்து முறை என்ற அளவில் அமைந்திருக்கும். சக்கரத்தின் சுழற்சி அந்த எண்ணோடு ஒத்துப்போகும் இடத்தில் உதறல் உச்சம் பெறும். அதைக் கடந்தால் அடங்கியதுபோல் தோன்றும். 115-இல் அடங்கிவிடுகிறது என்பதற்காகக் குறை இல்லை என்று எண்ணிவிடக் கூடாது.

சாலையில் செய்ய வேண்டிய சோதனை

சோதனைக்கு முன் டயர் காற்றைக் குளிர்ந்த நிலையில் அளந்து சரிசெய்ய வேண்டும். இந்தக் காருக்கு மாஸ்டா குறிப்பிட்டது 26 பி.எஸ்.ஐ. கனமான கார்களுக்கு வைக்கும் 32, 33-ஐப் பழக்கத்தில் இதற்கும் வைத்துவிடுகிறவர்கள் அதிகம். அப்படி வைத்தால் சாலையின் சொரசொரப்பே அதிர்வாகக் கைக்கு வந்து குழப்பும். வார இறுதியில் மட்டும் வெளியே வரும் கார் என்றால், பல நாள் ஒரே இடத்தில் நின்றதால் டயரின் அடிப்பகுதி தட்டையாகியிருக்கும். முதல் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓடி டயர் சூடேறும்வரை எந்த முடிவுக்கும் வர வேண்டாம். அதற்குப் பிறகும் நிற்காத உதறல்தான் ஆராயத் தக்கது.

சமமான, நேரான, போக்குவரத்து குறைந்த, 110 கி.மீ. வேகம் அனுமதிக்கப்பட்ட நெடுஞ்சாலையைத் தேர்ந்துகொண்டு, கூட ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். ஓட்டுபவர் சாலையைப் பார்க்கட்டும். குறிப்பெடுப்பது மற்றவருடைய வேலை. எந்த வேகத்தில் தொடங்குகிறது, எங்கே உச்சம், எங்கே அடங்குகிறது என்பதோடு, உதறல் ஸ்டீயரிங்கில் தெரிகிறதா, இருக்கையின் அடியில் தெரிகிறதா என்பதையும் எழுத வேண்டும். ஸ்டீயரிங் இடவலமாக ஆடினால் முன்சக்கரங்களையும், கை அமைதியாக இருந்து இடுப்புக்குக் கீழே அதிர்ந்தால் பின்சக்கரங்களையும் முதலில் சந்தேகிக்கலாம். இது பொதுவான வழிகாட்டிதான், விதி அன்று. இவ்வளவு சிறிய காரில் பின்சக்கரத்தின் ஆட்டமும் ஸ்டீயரிங்வரை வந்துசேரும்.

உதறல் உச்சத்தில் இருக்கும் வேகத்தில் ஒருமுறை நான்காவது கியரிலும் ஒருமுறை ஐந்தாவது கியரிலும் ஓட்டிப் பாருங்கள். இந்தக் கியர் பெட்டியில் நான்காவது கியர் ஒன்றுக்கு ஒன்று என்பதால், அதே 100 கி.மீ. வேகத்தில் எஞ்சின் 3,300-க்குப் பதிலாக ஏறத்தாழ 4,000 சுற்றில் ஓடும். எஞ்சின் சுற்று மாறியும் உதறல் அதே சாலை வேகத்தில் நின்றால் எஞ்சினும் அதோடு சேர்ந்து சுற்றும் ஃப்ளைவீலும் கிளட்ச் கவரும் காரணமல்ல. அடுத்து, சற்றுக் கூடுதல் வேகத்தில் கிளட்ச்சை மிதித்து நியூட்ரலுக்கு மாற்றி, கார் தானாக வேகம் குறைந்து வரும்படி விடுங்கள். சாவியை எக்காரணத்தைக் கொண்டும் அணைக்கக் கூடாது. பிரேக்கின் துணைவிசை போய்விடும், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும். நியூட்ரலிலும் உதறல் தொடர்ந்தால் சக்கரம்தான் என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். அது அவசர முடிவு, ஏனெனில் நியூட்ரலில் ஓடும்போதும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டைப் பின்சக்கரங்கள் சுற்றிக்கொண்டேதான் இருக்கின்றன. ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது ஒரு விதமாகவும் விடும்போது வேறு விதமாகவும் அதிர்வு மாறுகிறதா என்பதைக் கவனித்தால் ஷாஃப்ட்டும் டிஃபரன்ஷியலும் அச்சு மூட்டுகளும் பற்றிக் கூடுதலாகத் தெரியவரும். சக்கரத்தின் சமநிலைக் குறைக்கு ஆக்ஸிலரேட்டர் மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பது ஒரு பொருட்டே இல்லை.

கைபேசியில் உள்ள முடுக்கமானியைக் கொண்டு அதிர்வெண்ணைக் காட்டும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. கைபேசியை இரு இருக்கைகளுக்கு நடுவே உள்ள பகுதியில் அசையாமல் ஒட்டிவைத்துப் பதிவுசெய்தால், 15 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 15 முறை) அருகே மேடு எழுந்தால் சக்கரத்தின் சமநிலை அல்லது வட்டம், 31 அருகே எழுந்தால் நீள்வட்டமாகிப்போன டயர், 67 அருகே எழுந்தால் ஷாஃப்ட் என்று நேரடியாகப் படித்துவிடலாம். ஆனால் நொடிக்கு 100 முறை மட்டும் அளக்கும் கைபேசியால் 50 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டதைச் சரியாகக் காட்ட முடியாது. 67-இல் உள்ள அதிர்வு 33-இல் இருப்பதாகப் பொய் சொல்லும். செயலியின் அளவீட்டு வேகத்தைப் பார்த்த பிறகே வரைபடத்தை நம்ப வேண்டும்.

சக்கரம், ஹப், நட்டு

இந்தக் காரில் நான்கு டயர்களும் ஒரே அளவு. முன்பக்கம் ஒரு அளவும் பின்பக்கம் அகலமான இன்னொரு அளவும் கொண்ட போர்ஷே 911 போன்ற கார்களுக்குக் கிடைக்காத வசதி இது. முன்சக்கரங்களை அதே பக்கத்தில் பின்னாலும், பின்சக்கரங்களை முன்னாலும் மாற்றிப் பூட்டி, அதே சாலையில் அதே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். ஸ்டீயரிங்கில் இருந்த உதறல் இருக்கைக்குப் போய்விட்டால் குறை சக்கரத்தோடு நகர்ந்திருக்கிறது. எதுவும் மாறாவிட்டால் ஹப்பிலோ அதற்கு உள்ளேயோ இருக்கிறது. ஒரு ரூபாய்கூடச் செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் பேரிங் வாங்கப் போகிறவர்களைக் கண்டால் எனக்கு வியப்பாகத்தான் இருக்கிறது. டிக்கியில் இருக்கும் சிறு ஸ்பேர் சக்கரத்தை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. அது 80 கி.மீ. வேகத்துக்கு மேல் ஓட்டத் தக்கதல்ல.

சக்கரத்தைக் கழற்றிய கையோடு ஹப்பின் முகத்தையும் ரிம்மின் உட்புறத்தையும் பார்த்துவிட வேண்டும். காய்ந்த சேறு, பழைய ஒட்டு எடைகளின் பசை, எடை விழுந்துபோன இடத்தில் பளிச்சென்று தெரியும் செவ்வகத் தடம், ஹப்பின் முகத்தில் படிந்த துரு, ரிம்முக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்தபோது உட்காரும் இடத்திலும் படர்ந்துவிட்ட பெயின்ட் என எல்லாமே காரணமாகலாம். துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுத்து, மிக மெல்லிய பூச்சாக மட்டும் காப்பர் கிரீஸ் தடவலாம். நட்டின் மரையில் அது படக் கூடாது.

அடுத்து, பலரும் கவனிக்காமல் விடும் நடுத்துளை. முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 ஹப்பின் நடுமேடு 54.1 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. தொழிற்சாலை ரிம் அதன்மேல் இறுக்கமாக உட்கார்ந்து மையம் பெறும். சந்தையில் வாங்கிய ரிம்முக்கு 4×100 (100 மில்லிமீட்டர் வட்டத்தில் நான்கு துளைகள்) என்ற துளை அமைப்பு பொருந்தினாலும் நடுத்துளை பெரிதாக இருக்கும். ஹோண்டா ரிம்மில் 56.1, பொது ரிம்களில் 73.1-கூட உண்டு. இடையில் உள்ள இடைவெளியை நிரப்ப ஒரு பிளாஸ்டிக் அல்லது அலுமினிய வளையம் போட வேண்டும். என் காரை மூன்று முறை பேலன்சிங் செய்த கடையில் மூன்று முறையும் இயந்திரம் பூஜ்யம் காட்டியது. மூன்று முறையும் 100-இல் ஸ்டீயரிங் உதறியது. இந்தக் காரை எனக்கு முன் வைத்திருந்தவர் ரிம் மாற்றியபோது இரண்டு சக்கரங்களில் வளையமே போடவில்லை என்பது நான்காவது முறை நானே கழற்றிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. இயந்திரம் பொய் சொல்லவில்லை. அது நடுத்துளையைக் கூம்பால் பிடித்துச் சுழற்றுவதால் அங்கே சக்கரம் மையத்தில் இருந்தது, காரில்தான் இல்லை. டயரும் ரிம்மும் சேர்ந்து 15 கிலோ என்று வைத்துக்கொண்டால், மையம் 0.2 மில்லிமீட்டர் விலகினாலே அது ரிம் விளிம்பில் 17 கிராம் எடை கூடியதற்குச் சமம். கூம்பு முனை நட்டுகளால் மட்டுமே மையப்படுத்தி ஓட்டவும் முடியும், ஆனால் அதற்குப் பூட்டும் முறை பிசகாமல் இருக்க வேண்டும்.

அந்த முறை இதுதான். கார் ஸ்டாண்டில் நிற்க, சக்கரம் தரையைத் தொடாத நிலையில், நான்கு நட்டுகளையும் முதலில் கையால் முடிந்தவரை திருக வேண்டும். பிறகு எதிரெதிராகச் சிறிது சிறிதாக ஸ்பேனரால் இறுக்க வேண்டும். கடைசியில் காரை இறக்கி டார்க் ரெஞ்ச் கொண்டு ஒரே அளவில் முடிக்க வேண்டும். மாஸ்டா தரும் எல்லை 88 முதல் 118 நியூட்டன் மீட்டர். காற்றழுத்தத் துப்பாக்கியால் முதல் நட்டையே முழுதாக இறுக்கிவிட்டால் ரிம் எந்தப் பக்கம் சாய்ந்ததோ அந்தப் பக்கமே நின்றுவிடும்.

பேலன்சிங் கடையில் அருகே நிற்க அனுமதி கேளுங்கள். கூம்பு ரிம்மின் பின்புறத்திலிருந்து நுழைக்கப்படுகிறதா, இயந்திரம் ஐந்து கிராமுக்குக் கீழ் உள்ளதை மறைக்காமல் ஒவ்வொரு கிராமாகக் காட்டும்படி வைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பூஜ்யம் வந்த பிறகு சக்கரத்தைத் தளர்த்தி, அதே அச்சில் அரைச் சுற்று திருப்பிப் பூட்டி மீண்டும் சுழற்றச் சொல்லுங்கள். இப்போது எண் மாறினால் சக்கரம் இயந்திரத்திலேயே சரியாக உட்காரவில்லை என்று பொருள். நல்ல கடைக்காரர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

எடை சமமாக இருந்தும் வடிவம் வட்டமாக இல்லாவிட்டால் உதறல் இருந்தே தீரும். சக்கரத்தைத் தூக்கிவைத்து, ஒரு செங்கல்லின்மேல் திருப்புளியை அசையாமல் வைத்து அதன் முனையை டயரின் நடுப்பகுதிக்கு ஒரு மில்லிமீட்டர் தள்ளி நிறுத்தி, கையால் மெல்லச் சுற்றுங்கள்; இடைவெளி கூடிக் குறைவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். டயல் கேஜ் இருந்தால் இன்னும் நல்லது. மேல்கீழாகவோ பக்கவாட்டிலோ 1 மில்லிமீட்டருக்கு மேல் விலகினால் நான் விடுவதில்லை. ரிம்மின் உள்விளிம்பிலும் அளந்து பார்த்தால் குறை டயரிலா, குழியில் விழுந்து வளைந்த ரிம்மிலா என்பது பிரிந்துவிடும். ரிம் நேராக இருந்து டயர் மட்டும் மேடேறியிருந்தால், டயரைக் கழற்றி ரிம்மின் தாழ்வான இடத்துக்கு நேராக டயரின் மேட்டை வைத்துப் பூட்டலாம். புது டயரில் சிவப்புப் புள்ளி இருந்தால் அது இத்தகைய மேட்டைக் குறிப்பது. மஞ்சள் புள்ளி எடை குறைந்த இடம், அது வால்வுக்கு நேராக வர வேண்டும். உருளையால் டயரை அழுத்திச் சுழற்றி அதன் விறைப்பு மாறுபாட்டை அளக்கும் ரோட் ஃபோர்ஸ் இயந்திரம் உள்ள கடை கிடைத்தால், சாதாரண பேலன்சிங்கால் தீராத உதறலுக்கு அதுவே நேர்வழி.

டயரின் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கத் தேதியையும் படித்துவிடுங்கள். 2314 என்றால் 2014-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். குறைவாக ஓடும் காரில் தடம் தேயாமலே டயர் கிழடாகிவிடும். எங்காவது புடைப்பு தெரிந்தால் டயருக்கு உள்ளே உள்ள பட்டை (பெல்ட்) பிரிந்திருக்கிறது. அந்த டயரோடு இன்னொரு சோதனை ஓட்டம் கூடாது.

உண்டாக்குவதும் பெருக்குவதும்

பால் ஜாயின்ட், டை ராட் எண்டு, ரேக்கின் புஷ், விஷ்போன் புஷ், ஷாக் அப்சார்பர் ஆகிய ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் பாகங்கள் சுற்றுவதில்லை. ஆகவே அவை ஒரு சீரான உதறலைத் தாமாக உண்டாக்குவதும் இல்லை. சக்கரம் உண்டாக்கிய சிறு ஆட்டத்தைத் தேய்ந்துபோன புஷ் பெரிதாக்கிக் காட்டும், அவ்வளவுதான். புதிய புஷ் போட்டதும் உதறல் குறைந்துவிட்டது என்று மகிழ்கிறவர்கள், மூலம் இன்னும் சக்கரத்திலேயே இருப்பதை ஓராண்டு கழித்து மறுபடி அறிவார்கள். ஸ்டாண்டில் நிற்கும் காரின் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் தெரியும் தளர்ச்சி பேரிங்கையோ பால் ஜாயின்ட்டையோ சேர்ந்தது. இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் தெரிவது ஸ்டீயரிங் மூட்டுகளின் தளர்ச்சியாகவும் இருக்கலாம். வீல் அலைன்மென்ட் செய்தால் உதறல் போகும் என்பது பரவலாக உள்ள தவறான நம்பிக்கை. கோணங்கள் பிசகினால் கார் ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஒழுங்கின்றித் தேயும், அந்தத் தேய்மானம் பின்னால் இரைச்சலையும் அதிர்வையும் தரும். நேற்றுத் தொடங்கிய உதறலுக்கு அலைன்மென்ட் மருந்தல்ல.

பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் உதறினால் டிஸ்க்கைப் பார்க்க வேண்டும். மிதிக்காதபோதும் உதறி, ஓட ஓட மோசமானால், டிஸ்க்கைப் பிடிக்கும் காலிப்பரின் வழுக்கு ஊசிகள் சிக்கியிருக்கலாம். வயதான எம்எக்ஸ்-5 கார்களில் இது புதிதல்ல. பிரேக்கை அதிகம் தொடாமல் சில கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, அகச்சிவப்பு வெப்பமானியால் இரு பக்க டிஸ்க்குகளையும் ஒப்பிட்டால் சிக்கிய பக்கம் தெளிவாகச் சூடு காட்டும். கையால் தொட்டுப் பார்க்க வேண்டாம்.

கிளட்ச் வேலைக்குப் பிறகு வந்த அதிர்வு

சக்கரங்களில் எதுவும் இல்லை, அதிர்வு உதறலாக இல்லாமல் முனகலாக இருக்கிறது, கிளட்ச் அல்லது கியர் பெட்டி வேலை முடிந்து வந்த நாளிலிருந்துதான் இருக்கிறது என்றால் காருக்கு அடியில் பார்வையைத் திருப்பலாம். எம்எக்ஸ்-5 காரில் கியர் பெட்டியின் வால் பகுதி மற்ற பின்சக்கர இயக்கக் கார்களைப்போல் குறுக்குச் சட்டத்தில் தொங்குவதில்லை. பவர் பிளான்ட் ஃப்ரேம் எனப்படும் நீண்ட அலுமினியச் சட்டம் கியர் பெட்டியையும் டிஃபரன்ஷியலையும் ஒன்றாகப் பிணைக்கிறது. கியர் பெட்டியை இறக்க இந்தச் சட்டத்தைக் கழற்றியாக வேண்டும். திரும்பப் பூட்டும்போது ஜாக்கியால் கியர் பெட்டியின் வாலைச் சரியான உயரத்துக்குத் தூக்கிவைத்து இறுக்காவிட்டால், அது சற்றுத் தாழ்ந்தே நின்றுவிடும்; ஷாஃப்ட்டின் இரு முனைகளிலும் உள்ள, மடங்கியபடியே சுழலும் கிராஸ் மூட்டுகளின் கோணம் ஒன்றுக்கொன்று ஈடாகாமல் போகும். அப்போது ஷாஃப்ட்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு முறை வேகம் ஏறி இறங்கும். சர்வீஸ் மேனுவலில் அந்த உயரத்தை அளக்கும் முறையும் எல்லையும் தரப்பட்டுள்ளன; போல்ட்டுகளைத் தளர்த்தி, அளந்து, மீண்டும் இறுக்குவது ஒரு மணி நேர வேலை.

ஷாஃப்ட்டின் பின்முனை நான்கு போல்ட்டுகளால் டிஃபரன்ஷியலோடு இணைகிறது. கழற்றுவதற்கு முன் இரு தட்டுகளிலும் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்துக்கொள்ள வேண்டும். கோடு இழுக்காமல் கழற்றி மாற்றிப் பூட்டப்பட்டிருக்கும் என்ற சந்தேகம் இருந்தால், அரைச் சுற்று திருப்பிப் பூட்டி ஓட்டிப் பார்ப்பது செலவில்லாத முயற்சி. கிராஸ் மூட்டில் கையால் திருகும்போது தளர்ச்சியோ, மடக்கும்போது ஓரிடத்தில் சிக்கலோ தெரிந்தால், இந்தக் காரில் கிராஸை மட்டும் எளிதாக மாற்ற முடியாது. மூட்டு ஷாஃப்ட்டிலேயே அடித்து இறுக்கப்பட்டிருப்பதால் முழு ஷாஃப்ட்டையும் மாற்றுவதே வழக்கம். பின்சக்கரங்களைத் தூக்கிவைத்துக் கியரில் ஓடவிட்டுப் பார்ப்பதை வீட்டு வாசலில் செய்யாதீர்கள். சரியான லிஃப்ட் உள்ள பட்டறையில் மட்டும் செய்ய வேண்டிய சோதனை அது.

நின்ற நிலையில், நியூட்ரலில், எஞ்சினை 3,300-க்குக் கொண்டுபோனாலே அதே அதிர்வு வந்தால் எஞ்சின் மவுண்ட்டுகளையும் கிளட்ச் கவரையும் பார்த்தால் போதும்.

இவ்வளவுக்குப் பிறகும் மிஞ்சும் ஒரு நடுக்கம் உண்டு. கூரை இல்லாத உடல் என்பதால், சாலையில் பள்ளமோ இணைப்புப் பட்டையோ வரும்போது டேஷ்போர்டும் முன்கண்ணாடிச் சட்டமும் கண்ணாடியில் தெரியும் காட்சியும் ஒருமுறை குலுங்கி நிற்கும். வேகத்தோடு சேர்ந்து வந்து போகாமல், சாலையின் மேடுபள்ளத்தோடு மட்டும் வந்து போவதால் இதை எளிதாகப் பிரித்தறியலாம். கடினமான கூரை இருந்தால் அதைப் பூட்டி அதே சாலையில் ஓட்டிப் பாருங்கள். குலுக்கல் குறைந்தால் அது உடலின் நெகிழ்வு. அப்படியும் வழக்கத்தைவிட அதிகமாகத் தோன்றினால், தவறான இடத்தில் ஜாக்கி வைத்து நசுக்கப்பட்ட அடிச்சட்டத்தையும் தளர்ந்த அடித்தகட்டையும் காரைத் தூக்கிப் பார்க்கும் அடுத்த வாய்ப்பில் பார்த்துக்கொள்ளலாம்.